கடைசி ஆள் இல்லாத வரிசை

ஐந்தாம் மாடியின் அந்தக் கோடியில், விருந்தாளி காலி செய்துவிட்டுப் போன ஓர் அறையில், மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தேன். ஏசி குளிரோடு தரை துடைக்கும் மருந்தின் எலுமிச்சை நெடி. ஜன்னலுக்கு வெளியே மஸ்கட் கடல் புதுத் தகரம் போல வெயிலில் மின்னியது.

கம்பளம் போட்ட நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்காது. ஆனால் வாசலில் யாரோ நிற்பது முதுகுக்குத் தெரிந்தது. திரும்பினால் ஸ்டெல்லா மேடம்.

"இது யார் ரூம்?"

"சபித்ராவோடது, மேடம்."

"உன் ரூமெல்லாம்?"

"முடிச்சிட்டேன்."

"முடிச்சிட்டா கீழ போய் உக்காரணும். இங்க இன்னா பண்ற?"

மெத்தை இன்னும் என் கையில் இருந்தது. அதை விடாமல் விரிப்பைச் செருகி, மடிப்பை நீவிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அவர் நிற்கும்போது நான் வேலையை நிறுத்தாததுதான் அவருக்குக் கோபம் வரக் காரணம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். இருக்கலாம்.

"எங்க ஊர்ல இப்படித்தான், மேடம்," என்றேன்.

"உங்க ஊரு எனக்குத் தெரியாதா? இது மலை இல்ல. ஹோட்டலு."

அடிவாரத்து மேடம்

அவருக்கு எங்கள் ஊர் தெரியும் என்பது உண்மை. ஸ்டெல்லா மேடம் மலையடிவாரத்துச் சந்தவாசல்காரர். ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பா அங்கே புளி மண்டி வைத்திருந்தார். ஜவ்வாது மலையிலிருந்து எங்கள் ஆட்கள் சுமந்து இறக்கிய புளி அந்த மண்டிக்கும் போயிருக்கும். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தராசின் இரண்டு பக்கமும் நின்றிருக்கலாம்.

வேலூரில் நான் கேட்டரிங் படித்தபோது எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியை அவருடைய தங்கை. லீவில் வந்திருந்த ஸ்டெல்லா மேடம் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, கை சுத்தமாக வேலை செய்கிற பெண்கள் வேண்டும் என்று கேட்டு, என்னையும் தேர்ந்தெடுத்தார். அந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் மேடம். தங்குமிடத்துக்கு வந்துவிட்டால் அக்கா.

தங்குமிடத்துச் சமையலறையில் ஒரு வெள்ளிக்கிழமை களி கிண்டிக்கொண்டே சொன்னார்: "உங்க ஆளுங்க ரொம்ப நல்லவங்கடி. மூட்டைய எறக்கி வச்சிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கினு நிப்பாங்க. எங்கப்பா சொல்ற வெலைக்கு மறுபேச்சு கிடையாது."

"எங்கப்பா பேசுவாரு, அக்கா," என்றேன். "மலை ஏறுற வரைக்கும் பேசிக்கினே வருவாரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

"இதற்கா படித்தாய்?"

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒருவர், ஊரில் பட்டம் வாங்கிவிட்டு வெளிநாட்டில் படுக்கை விரித்தேன் என்று எழுத உனக்குக் கூச்சமாக இல்லையா என்று கேட்டிருந்தார். அவருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். போளூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ச் சனம் கும்பலாக நிற்கும்போது, மூன்றாம் வகுப்பில் இருந்த நான் முன்னால் போய், வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் சத்தமாகப் படிப்பேன். மீசை வைத்த பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படுத்து, வேலூர் விடுதியில் படுத்து, வாங்கிய பட்டம் அது. அதை ஓர் அறையின் வாசலில் கழற்றிவைத்துவிட்டு நான் உள்ளே போகவில்லை. கழுவுகிற தொட்டியில் என்ன மருந்து எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னதும் அந்தப் படிப்புதான்.

அதோடு, ஒரு வருடம் அறை வேலை பார்த்தால் வரவேற்பு மேசைக்கு மாற்றுவார்கள் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். மாற்றினார்களா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சபித்ராவின் தோள்

இப்போது அந்த ஐந்தாம் மாடி அறைக்கு வருகிறேன். அது சபித்ராவின் அறை என்று சொன்னேன்.

சபித்ரா நேபாளத்துக்காரி. அவளும் மலை தேசம். என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவள். எங்களுக்குள் உடைந்த இந்தியும் உடைந்த ஆங்கிலமும் பேச்சு. ஊரில் அவள் மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். அந்த வீட்டிலும் அதுதான் முதல் படிப்பு. சபித்ராவின் சம்பளம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

ஹோட்டல் மெத்தைகள் நம் வீட்டுப் பஞ்சு மெத்தை மாதிரி இல்லை. ஒரு கன்றுக்குட்டியின் பாரம் இருக்கும். விரிப்பைச் செருக ஒவ்வொரு மூலையையும் தூக்க வேண்டும். சபித்ரா முழங்காலை முட்டுக்கொடுத்து மெத்தையை ஏற்றுவதை ஒருநாள் பார்த்தேன். வலது தோள் எழும்பவில்லை. டாக்டரிடம் போகச் சொன்னேன். போனால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள் என்றாள். அவளுக்கு முன்னால் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கடைசி அறையின் போனிலிருந்து ஸ்டெல்லா மேடத்துக்குச் சொல்ல வேண்டும். துணி அடுக்கும் அறையில் இருந்த வெள்ளைப் பலகையில் பேருக்கு நேரே அவர் நேரத்தைக் குறிப்பார். கடைசியாக முடித்தவள் பேரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டங்கள் சேர்ந்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் ஒப்பந்தம் ரத்து, கையில் டிக்கெட். சபித்ராவுக்கு இரண்டு வந்துவிட்டது.

அதனால் நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

மொனை

லீவில் வந்து, மலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் இந்த வாரக் குறிப்பை எழுதுகிறேன். விரலெல்லாம் சாமைத் தாள் அறுத்த கீறல். எங்கள் கொல்லையில் இப்போது அறுவடை.

சரிவான கொல்லையின் கீழ் ஓரத்தில் எல்லோரும் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு பட்டை எடுத்துக்கொண்டு மேல்நோக்கி அறுத்துப் போவோம். அந்தப் பட்டைக்கு எங்கள் பக்கம் மொனை என்று பேர். தன் மொனையை முடித்து மேலே ஏறியவர் அங்கே உட்கார மாட்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பின்தங்கியவரின் மொனையை மேலிருந்து அறுத்துக்கொண்டு இறங்குவார். இரண்டு அருவாளும் நடுவில் எங்கோ சந்திக்கும். யாரும் கேட்டு யாரும் வருவதில்லை. நன்றி சொல்கிற வழக்கமும் இல்லை. கிண்டல் மட்டும் உண்டு.

நேற்று பின்தங்கியது நான்தான். மேலிருந்து என் அண்ணி அறுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா மஸ்கட்டு, ஏசி இல்லாம கை ஓடலியா?"

"உன் மொனை வழுக்கத் தல, அண்ணி. என் மொனையில சடை பின்னலாம், வந்து பாரு."

கொல்லையே சிரித்தது. அருவாள்கள் நிற்கவில்லை. முடிந்தபோது எல்லோருக்கும் ஒன்றாகத்தான் முடிந்தது. அப்புறம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்.

மஸ்கட்டில் நான் செய்தது இவ்வளவுதான். என் அறைகளை முடித்தேன். சபித்ராவின் வரிசையில் கடைசி அறைக்குப் போய், அங்கிருந்து அவளை நோக்கி வந்தேன். சில வாரம் அவள் பேருக்கு வட்டம் விழவில்லை. அப்படிப்பட்ட ஒருநாள்தான் ஸ்டெல்லா மேடம் வாசலில் வந்து நின்றது.

மரீசெல்லின் இடுப்பு

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் ஒரு செய்தி சொன்னார்கள். பச்சையம்மா, அதாவது நான், தன் அறைகளையும் முடித்து இன்னொருத்தி அறைகளையும் செய்கிறாள் என்றால், ஆளுக்குக் கொடுத்திருக்கும் வேலை குறைவு. இனி எல்லோருக்கும் இரண்டு அறை கூடுதல். எட்டுப் பேர் பார்த்த மாடியை ஏழு பேர் பார்ப்பார்கள். ஒருத்தியை லாண்டரிக்கு அனுப்பினார்கள். முடிவு மேனேஜருடையது. வாசித்தது ஸ்டெல்லா மேடம். வாசிக்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

அன்று மாலையே பலகையில் சபித்ராவின் பேர் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. கூடிய அறைகள் அவள் தோளில்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கனத்தன; எனக்கும் அவள் பக்கம் போக நேரம் மிஞ்சவில்லை.

எங்களில் பழைய ஆள் மரீசெல், பிலிப்பைன்ஸ்காரி. அவள் என்னை நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உன் கை வேகமா இருக்கு. சந்தோஷம். ஆனா உன் வேகத்துக்கு என் இடுப்பு வலிக்குது."

இரண்டு நாள் யாரும் என்னோடு சாப்பிடவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. அதில் என் பையை வைத்துக்கொண்டேன்.

தப்பு செய்துவிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். செய்யவில்லை என்றே தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனால் ஒன்று விட்டுப்போயிருந்தது. எங்கள் கொல்லையில், கொல்லைக்குச் சொந்தக்காரரும் அருவாளோடு வரிசையில்தான் நிற்பார். வரப்பில் நின்று யார் கை வேகம் என்று பார்க்க ஆள் கிடையாது. இங்கே அதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தால், பார்க்கிற கண்ணுக்கு நான் கெட்டிக்காரி, மற்றவர்கள் சோம்பேறி. எல்லோரும் திரும்பினால்தான் அது எங்கள் ஊர் அறுவடை.

மூன்றாம் நாள் துணி அடுக்கும் அறையில் எல்லோரும் இருந்தபோது, தலையணை உறைகளை எடுத்துத் தரையில் பக்கம் பக்கமாக ஏழு விரித்தேன். குளியலறைச் சோப்புக் கட்டிகளை ஆட்களாக வைத்தேன். ஒவ்வொன்றாக மேலே நகர்த்தி, முதலில் போனதைத் திருப்பி, பின்தங்கியதை நோக்கி இறக்கிக் காட்டினேன். பெரிய பெண்கள் ஆறு பேர் குனிந்து சோப்பு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் முடித்தது யார் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று மரீசெல் கேட்டாள். சொல்ல மாட்டோம் என்றேன். கடைசி? அதுவும் தெரியாது என்றேன்.

அவள் ஒரு சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அப்போ அதைச் செய்யலாம்," என்றாள்.

மறுத்தது சபித்ரா. தன் தோளுக்காக ஏழு பேர் வேலையைப் பணயம் வைக்க வேண்டாம் என்றாள். யாருடைய இரக்கமும் தனக்கு வேண்டாம் என்று சொல்லும்போது அவள் குரல் கறாராக இருந்தது. உன் தோளுக்காக என்று யார் சொன்னது, என் இடுப்புக்காக என்று மரீசெல் சொன்னாள். சபித்ராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிவப்புப் பேனா

மறுநாளே ஆரம்பித்தோம். அது மாதம் முடியும் நேரம். ஒரு கல்யாணக் கூட்டம் மாடி முழுவதையும் எடுத்திருந்து, ஒரே நாளில் காலி செய்தது. கம்பளத்தில் மிதிபட்ட பூவிதழ்கள். ஒவ்வொரு அறையிலும் பாதி தின்ற இனிப்புப் பெட்டி. மாலைக்குள் வேறு கூட்டம் வருகிறது. சபித்ராவுக்கு இன்னும் ஒரு வட்டம் விழுந்தால் மூன்றாவது எச்சரிக்கை என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள்.

வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏழு பேரும் இறங்கினோம். தன் வரிசையை முடித்தவள் அடுத்தவளின் கடைசி அறைக்குப் போனாள். அதை முடித்தவர்கள் இன்னொருத்தியின் கடைசி அறைக்கு. சபித்ரா மெத்தை தூக்கும் இடங்களில் இன்னொரு கை இருந்தது. அவள் கண்ணாடி துடைப்பதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. அவள் எங்கள் கண்ணாடிகளைத் துடைத்தாள். யாரும் போனைத் தொடவில்லை. கடைசி அறையின் கதவை ஏழு பேரும் சேர்ந்துதான் சாத்தினோம். சேர்ந்தே துணி அறைக்குள் போனோம்.

ஸ்டெல்லா மேடம் பலகை முன் நின்றிருந்தார். நேரம் எழுதும் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கையில் சிவப்புப் பேனா.

யார் கடைசி என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"பச்சையம்மா. உன்ன நான் கூட்டியாந்தேன். உங்கப்பன் என் கையப் புடிச்சி, பொண்ணப் பார்த்துக்கங்கம்மான்னாரு. அதுக்கு இதான் மரியாதையா?"

"வேலை முடிஞ்சிருக்குது, மேடம். ஒவ்வொரு ரூமா போய்ப் பாருங்க."

"ரூமப் பத்தி நான் கேக்கல. கடைசி ஆள் பேரக் கேக்கறேன். மேனேஜர் என்னத்தான் கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

"ஏழு பேரும்னு சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். கோபத்தைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"தா பாரு. அடுத்த மாசம் முன் டெஸ்க்குக்கு உன் பேரத்தான் எழுதி வச்சிருக்கேன். மலையிலேர்ந்து வந்த புள்ள கோட்டு போட்டுக்கினு அங்க நிக்கணும்னு எனக்கு ஆசை. பொய்யில்ல. ஒரு பேரு சொல்லு. எப்படியும் அவ தோளு ரொம்ப நாள் தாங்காது."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் வட்டம் போட்டிருக்கிறார்.

எனக்கு அந்த மேசை வேண்டும். ரொம்ப வேண்டும். அங்கே நின்று எடுத்த போட்டோவை அப்பாவுக்கு அனுப்புவது போல எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"வட்டம் போடணும்னா ஏழு பேருக்கும் போடுங்க, மேடம்," என்றேன். "டிக்கெட் போடணும்னாலும் ஏழு பேருக்கும் போடுங்க."

என்ன சொன்னாய் என்று மரீசெல் கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பலகையில் தன் பேரை விரலால் தொட்டுக் காட்டி, இதிலிருந்து ஆரம்பியுங்கள் மேடம் என்றாள்.

ஸ்டெல்லா மேடம் பேனாவை மூடிவிட்டு வெளியே போனார். ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். கதவுகள் திறந்து மூடும் சத்தம் நடைபாதையில் தூரமாகப் போய், மறுபடி கிட்டே வந்தது. ஒரு தூசும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார்.

திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். ஏழு பேருக்கும் வட்டம் போட்டார். சபித்ராவின் பேருக்கு மட்டும் கொஞ்சம் சின்ன வட்டம். அப்புறம் மேனேஜருக்குப் போன் செய்தார்.

மேனேஜர் வந்தார். பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே அடுத்த கூட்டத்தின் பெட்டிகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. ஒரு மாடியின் ஆட்கள் முழுவதையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினால் நாளை அந்த அறைகளுக்கு யார் வருவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டெல்லா மேடத்தை வெளியே அழைத்துப் போய்த் தணிந்த குரலில் ஏதோ பேசினார்.

மேடம் மட்டும் தனியாக உள்ளே வந்து, ஒரு பழைய துண்டால் பலகை முழுவதையும் துடைத்தார். இனி மாடிக்கு ஒரே நேரம்தான், ஆளுக்கு ஆள் கிடையாது என்றார். ஓர் அறையில் குறை வந்தால் ஏழு பேருக்கும் திட்டு. சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றோம்.

கூட்டிய இரண்டு அறைகளைக் குறைக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். எல்லாவற்றையும் வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

முன் டெஸ்க்

சபித்ராவுக்கு மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை இருந்தாள். போகும்போது அவளாகப் போனாள். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று செய்தி அனுப்பியிருந்தாள். தோள் இன்னும் அப்படியேதானாம்.

வரவேற்பு மேசைக்கு எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண்ணை மாற்றினார்கள். என்னைவிடச் சுமாரான ஆங்கிலம். மாலையில் தங்குமிடத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், வேலை நேரத்திலேயே ஸ்டெல்லா மேடத்திடம் போய் ஏன் என்று கேட்டேன். கேட்க வேண்டியதை அவர் மேடமாக இருக்கும்போதே கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உன்ன அங்க வச்சா, கூடவே ஏழு பேரையும் இட்டுக்கினு வருவ."

"ஆறு பேரு, மேடம்," என்றேன். "நான்தான் முன்னாடியே அங்க நிப்பேனே."

எண்ணிக்கை தவறிப்போய், அவர் துண்டுகளை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனேன். அடுத்த மாதம் லீவு முடிகிறது. போனதும் மறுபடி கேட்பேன்.